பனிச்சறுக்கு ஊரில் அண்ணன்

1

போன பிப்ரவரியில் என் அண்ணன் வேலாயுதத்தைப் பனிச்சறுக்கு ஊர் ஒன்றுக்கு அழைத்துப் போய் வந்தோம். அதைப் பற்றி எழுது என்று சொன்னவள் என் மகள் நதியா. அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் தயக்கமில்லாமல் எழுதுகிறேன்.

நான் பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. பிள்ளைகளுக்குத் தட்டு வைப்பது, மேசை துடைப்பது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தை ஓட்டுவது. பிப்ரவரி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது சில பிள்ளைகள் மட்டும் முகம் கறுத்து, கண்ணைச் சுற்றி மாத்திரம் வெளுப்பாக வருவார்கள். பனிமலைக்குப் போய் வந்தவர்கள் என்று அடையாளம் தெரிந்துவிடும். பிரான்சில் இருப்பவர்கள் எல்லோரும் பனிமலைக்குப் போகிறார்கள் என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் குடியிருப்பில் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தும் நான் போனதில்லை. பனி என்றால் எனக்கு விடிகாலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் வழுக்காமல் நடக்க வேண்டிய ஒரு தொல்லை. அவ்வளவுதான்.

இந்த முறை போனதற்கு இரண்டு காரணம். நதியா வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனத்தில் ஊழியர்களுக்கு மலிவாக மலை ஊரில் ஒரு சின்ன வீடு ஒதுக்குகிறார்கள். ஒரு வாரம் அவளுக்குக் கிடைத்தது. இரண்டாவது, அண்ணனுக்கு ஒருவழியாக விசா கிடைத்திருந்தது.

அந்த விசாவைப் பற்றியே தனியாக எழுதலாம். விருந்தாளியை வரவழைக்க இங்கே நகராட்சியில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டில் எத்தனை அறை, வருகிறவர் எங்கே படுப்பார் என்று கேட்பார்கள். அதையெல்லாம் சொல்லிச் சான்றிதழ் வாங்கி அனுப்பினால், முதல் தடவை விசா இல்லை என்று திருப்பிவிட்டார்கள். 'சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்று நம்ப முகாந்திரம் இல்லை' என்று காரணம் எழுதியிருந்தது. அண்ணனுக்குப் படித்துக் காட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாலு ஏக்கரா கரும்ப உட்டுட்டு அங்க வந்து நான் இன்னா பண்ணப் போறேன்? இத அவங்களுக்கு யாராச்சும் சொல்லக் கூடாதா?"

அடுத்த தடவை, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு பதிந்திருப்பதற்கான தாளையும் சேர்த்து அனுப்பினோம். அதனாலோ என்னவோ, விசா வந்தது. தை முடிவதற்குள் வெட்டு முடித்து, கரும்பை ஆலைக்கு ஏற்றிவிட்டு, மாசியில் விமானம் ஏறினார். அறுபதைத் தாண்டியவர். அண்ணி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஒரே மகள் கயல்விழி டாக்டர். வெள்ளிமலை அரசு ஆஸ்பத்திரியில் வேலை. தினமும் அவள் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும் நேரத்துக்கு இவர் இங்கிருந்து போன் பண்ணுவார். அப்போது எங்களுக்கு விடிந்திருக்காது.

என் கணவர் எங்களோடு மலைக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார். முழங்கால் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

2

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். நதியா ஓட்டினாள். அண்ணன் முன்னால், நான் பின்னால். பிரான்சில் பனிமலை வீடுகள் எல்லாம் சனிக்கிழமைதான் ஆள் மாறும். அதனால் அன்றைக்கு நாடே ஒரே சாலையில் போவது போல இருக்கும். கார் கூரைகளில் பனிச்சறுக்குப் பலகைகள். அண்ணன் அதைப் பார்த்து, "எல்லாம் பரண்மேல கட்ன மாரி கட்டிக்கினு போறாங்க" என்றார்.

நதியா தனக்குத் தெரிந்த தமிழில் மாமாவைக் கவனித்துக்கொண்டாள். காரில் வெப்பத்தைக் கூட்டிவிட்டு, "மாமா, நீங்க சூடா இருக்கீங்களா?" என்று கேட்டாள். பிரெஞ்சில் அப்படித்தான் கேட்பார்கள்.

அண்ணன் பதறிவிட்டார். "எனக்கு இன்னாம்மா கோவம்? நான் ஒண்ணும் சொல்லலையே?"

நான் விளக்கிச் சொன்னேன். நான் மட்டும் யோக்கியமா? வந்த புதிதில் கூட வேலை செய்தவர்கள் இன்னும் சாப்பிடு என்று வற்புறுத்தினார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்பதைத் தமிழில் யோசித்து அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். 'நான் சினையாக இருக்கிறேன்' என்று அர்த்தமாகிவிட்டது. மாட்டுக்குச் சொல்கிற சொல். அந்த வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மலை தொடங்கும் பள்ளத்தாக்கில், ஒரு வட்டச் சந்திப்புக்கு முன்னால் கார்கள் நின்றுவிட்டன. பனியாக இருக்கும் என்று நினைத்தோம். புகை தெரிந்தது. டயர் எரிகிற நாற்றம் வந்தது. சாலைக்குக் குறுக்கே டிராக்டர்கள், வைக்கோல் உருளைகள். ஒரு வண்டி நிறையச் சாணியையும் கொட்டி வைத்திருந்தார்கள். பால் விலை கட்டவில்லை என்று விவசாயிகள் மறியல்.

நதியா ஸ்டியரிங்கை அடித்தாள். "இவங்களுக்கு யார் உரிமை குடுத்தது? நாங்க என்ன பண்ணோம்?" என்று பிரெஞ்சில் கத்தினாள். சாயங்காலம் ஏழு மணிக்குள் போகாவிட்டால் வீட்டுச் சாவி தரும் அலுவலகம் மூடிவிடும். அது அவள் கவலை.

அண்ணன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறியலா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாண்ணா."

"போலீசு நிக்கிதே. ஒண்ணும் பண்ணல?"

நானும் பார்த்தேன். மூன்று நான்கு போலீஸ்காரர்கள் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று, விவசாயிகள் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"காப்பி குடிக்கிது!" என்றார் அண்ணன். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியத்தை ஈபிள் கோபுரத்தைக் காட்டியபோதுகூட நான் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

பின்னாலேயே நானும் ஓடினேன். அவர் நேராக நெருப்புக்குப் போய்க் கையை நீட்டிக் குளிர்காய்ந்தார். கயல்விழி வாங்கிக் கொடுத்த குரங்குக் குல்லா, என் கணவரின் பழைய கோட்டு, கீழே வேட்டிக்குப் பதிலாக முதல் தடவையாகப் பேண்ட். ரப்பர் பூட்சு போட்ட ஒரு பருமனான அம்மாள், அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி போலிருந்தது, இவர் யார் என்று என்னைக் கேட்டாள். என் அண்ணன், இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், விவசாயி என்றேன்.

அண்ணன் போனை எடுத்துக் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் படத்தைக் காட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"வெல கட்டுதான்னு கேக்கறாங்கண்ணா."

"எங்க கட்டுது? வெட்டுக்கூலியே ஜாஸ்தியாப் பூடுது. ஆலையில பணம் குடுக்கறதுக்குள்ள அடுத்த பயிரு வந்துடுது. இதச் சொல்லு."

சொன்னேன். அவள் சத்தமாகச் சிரித்து அண்ணன் தோளில் ஒரு அடி போட்டாள். அவருக்கும் காப்பி வந்தது. சுட்ட இறைச்சியும் ரொட்டியும் வந்தன. சனிக்கிழமை கவிச்சி ஆகாது என்று ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வயசானவர், இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர், வயல் ஓரமாக ஒரு சின்ன டிராக்டர் நிற்கிறது, அதை நகர்த்துகிறோம், உங்கள் காரை மட்டும் அந்தப் பக்கமாக எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அண்ணனிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

அவர் திரும்பி, வரிசையாக நிற்கிற கார்களைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"வேணாம். பின்னால அம்மாம் பேரு நிக்கிறாங்க. உடும்போது எல்லாருமாப் போவலாம். அந்தம்மாவுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிடு."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் சுற்றி நிற்க, அந்த நடுரோட்டில் நான் தியாகதுருகம் சந்தையில் கத்துவது போலக் கத்தினேன்.

"நீ மாறவே மாட்டியாண்ணா? எத்தினி வருசம் ஆனாலும் எனக்கு ரோட்ட மறிச்சிக்கினேதான் நிப்பியா?"

அண்ணன் கையிலிருந்த காப்பியைப் பார்த்தபடி நின்றார். நான் திரும்பி வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன்.

3

நதியா திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா? ஏன் அழறே?"

நான் அழுததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காருக்குள் வைத்து, இதுவரை பிள்ளைகளுக்குச் சொல்லாத விஷயத்தை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். எனக்குப் பாண்டிச்சேரியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணம் முடிந்து அவர் பாரிஸுக்குத் திரும்பிவிட்டார். எனக்குக் காகிதங்கள் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் டிக்கெட் வந்தது. அது வந்த வாரம்தான் எங்கள் பக்கத்தில் இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் வேறு பேச்சே கிடையாது. படித்த பையன்கள் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணனும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். எங்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கினால்தான் விடியும் என்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். மறியல் தொடங்கியதும் சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். சில இடங்களில் காலனிப் பக்கம் குடிசைகளும் எரிந்தன. அதற்கும் மறியலுக்கும் என்னடா சம்பந்தம் என்று அண்ணன் தன் கூட்டாளிகளிடம் சண்டை போட்டு ஒருத்தனை அடித்தே விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் மாமனார் மறியல் தொடங்குவதற்கு முதல் நாளே பாண்டியிலிருந்து வாடகைக் காரில் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு மெட்ராசுக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பெரிய மரம் கிடந்தது. அதன் மேல் முப்பது நாற்பது பேர். நடுவில் என் அண்ணன்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அண்ணன் இருக்கிறார், விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மாமனார் இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுப் பேசினார். டிக்கெட்டைக் காட்டினார். கூட்டத்தில் ஒருவர், "வேலு, ஒன் தங்கச்சிதானடா. கொம்ப வெட்டி ஓரமா ஒரு வழி பண்ணி உட்டுருவோம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு பேர் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தும் விட்டார்கள்.

அண்ணன், "யாரும் போவக் கூடாதுன்னா யாருந்தான்" என்றார்.

பிறகு காருக்குப் பக்கத்தில் வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்து, "திருப்பு" என்றார்.

திருப்பினோம். விமானம் போய்விட்டது. பாரிஸுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. தந்தி போகவில்லை. இங்கே என் கணவர் விடுப்பு எடுத்து, எனக்காக ஒரு குளிர் கோட்டு வாங்கிக்கொண்டு, விமான நிலையத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றிருக்கிறார். நான் வர மனமில்லாமல் தங்கிவிட்டேன் என்றே சில நாள் நினைத்தாராம். அதை அவர் மறக்கவில்லை. அதற்கப்புறம் அண்ணனோடு அவர் பேசியதெல்லாம் மழை, வெயில், உடம்பு எப்படி இருக்கிறது, இவ்வளவுதான்.

இரண்டு நாளில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேறு தேதியில் டிக்கெட் மாற்றி நான் கிளம்பியபோதும் அவர் உள்ளேதான் இருந்தார். அவரிடம் சொல்லாமலேதான் நாட்டை விட்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஊருக்குப் போனேன். அப்பா சாவுக்கு, அம்மா சாவுக்கு, கயல் கல்யாணத்துக்கு. அண்ணன் எனக்காகக் கோழி அடிப்பார், கல்வராயன் மலைத் தேன் வாங்கி வைத்திருப்பார். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நதியா முழுவதையும் கேட்டாள். "அவர் உன் அண்ணன்தானே?" என்றாள், நான் ஏதோ உறவு முறையைத் தப்பாகச் சொல்லிவிட்டது போல.

4

இருட்டும் நேரத்தில் வழி விட்டார்கள். அண்ணன் அந்த அம்மாளிடம் கையைக் குலுக்கிவிட்டு வந்து ஏறினார். சாவி அலுவலகம் மூடியிருந்தது. நதியா யார் யாருக்கோ போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, ஒரு பெட்டியின் ரகசிய எண் வாங்கி, சாவியை எடுத்தாள். ஆளாளுக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பேசாமல் படுத்தோம். வீடு நம் ஊர் ரயில் பெட்டி அளவு. கட்டிலுக்கு மேல் கட்டில். அண்ணன் கீழ்க் கட்டிலில் படுத்து மேல்கட்டிலின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் வெளியே வந்தால் கண் கூசியது. ஊர் என்றால் ஒரு தெரு. இரண்டு பக்கமும் மர வீடுகள், கூரைமேல் ஆள் உயரத்துக்குப் பனி. பலகை வாடகைக்கு விடும் கடை, பாலாடைக்கட்டிக் கடை, மருந்துக் கடை, மறுபடியும் பலகைக் கடை. எல்லோரும் கனத்த பூட்சோடு தத்தக்கா பித்தக்கா என்று நடந்தார்கள்.

"இன்னா தனம், ஊருல இருக்கற எல்லாருக்கும் கால்ல மாவுக்கட்டு போட்டா மாரி நடக்கறாங்க?" என்று அண்ணன் கேட்டார். அவர்தான் முதலில் பேசினார். நானும் சிரித்துவிட்டேன்.

மேலே போகும் தொங்கு வண்டிக்குச் சீட்டு வாங்கப் போனோம். வயதானவர்களுக்குச் சலுகை உண்டு, பாஸ்போர்ட் காட்ட வேண்டும். சீட்டுக் கொடுக்கும் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஏதோ தட்டிவிட்டு, "மிஸ்யோ குப்புசாமி!" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். அண்ணன் திடுக்கிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அப்பாவக் கூப்புடறாங்க!"

இந்த நாட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமல் எந்தக் காகிதமும் நகராது. நமக்கு அது கிடையாதென்று சொன்னால் புரிந்துகொள்ள மாட்டார்கள். அப்பா பெயரை எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டுவிடுவார்கள். நான்கூட ஆஸ்பத்திரியில் பாதி நேரம் என் மாமனார் பெயருக்குத்தான் எழுந்து போகிறேன்.

"கள்ளக்குறிச்சியத் தாண்டாத மனுசன். செத்தப்புறம் எங்க வந்து கூப்புட்டுக்கினு கீறாங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் சீட்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

தொங்கு வண்டி ஏறும்போது அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிமலைக்கு மலைப்பாதையில் ஜீப்பில் எத்தனையோ தடவை போனவர்தான். ஆனால் அங்கே சக்கரத்துக்குக் கீழே தரை இருக்கும். மேலே இறங்கியதும் குனிந்து ஒரு கை பனியை அள்ளினார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

"ஒரு வாசனையும் இல்ல. வெள்ளிமலைன்னு நம்ம ஊருல பேரு மட்டும் வெச்சிட்டு, வெள்ளிய எல்லாம் இங்க கொண்டாந்து கொட்டி வெச்சிகீறாங்க."

சரிவின் ஓரத்தில் பீரங்கி மாதிரி நின்ற இயந்திரங்களைக் காட்டி, அவை என்ன என்றார். இயற்கைப் பனி போதாத வருஷங்களில், தண்ணீரைப் பீய்ச்சிப் பனியாக்கும் இயந்திரம் என்று நதியா சொன்னாள்.

"தண்ணிய மேல ஏத்தி, ஐஸாக்கி, அதுமேல வழுக்கிக்கினு கீழ வரதுக்கா? கரண்டு யாரு கட்றது?"

அவர் ரொம்ப நேரம் அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

5

உச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. வெளியே வெயிலில் மேசைகள். நாங்கள் மூவரும் சூடான சாக்லேட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சுற்றிலும் சின்னச் சின்னக் குழந்தைகள்கூடப் பயமில்லாமல் சரிவில் பாய்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் ஒவ்வொருவரும் விழுகிற போதும் "ஐயையோ" என்றார். எழுந்ததும் "பரவால்ல" என்றார்.

நதியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாமா," என்றாள். "அன்னிக்கு, அம்மா கார்ல... நீங்க ஏன் அம்மாவை..." தமிழ் அதற்கு மேல் வரவில்லை. பிரெஞ்சில் என்னிடம் சொன்னாள். "அவர்கிட்ட கேளும்மா. ஏன் உன்னை விடலைன்னு கேளு. அதுக்கு வருத்தப்படறாரான்னு கேளு."

"வேண்டாம் நதியா. பழைய விஷயம்."

"பழைய விஷயத்துக்குத்தான் நேத்து நடு ரோட்டுல அழுதியா? நீ கேக்கலைன்னா நான் போன்ல மொழிபெயர்த்துக் கேட்பேன்." போனை எடுத்து மேசைமேல் வைத்தே விட்டாள்.

ஒரு இயந்திரக் குரல் அந்தக் கேள்வியை என் அண்ணனிடம் கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நானே கேட்டேன். என் கேள்வியாக இல்லை, என் மகளின் கேள்வியாக. இத்தனை வருஷத்தில் அந்த வழி எனக்குத் தோன்றியதே இல்லை.

"ண்ணா, நதியா ஒண்ணு கேக்கறா. அன்னிக்கி என்ன ஏன் உடலன்னு கேக்கறா. அதுக்கு ஒனக்கு வருத்தம் இருக்குதான்னு கேக்கறா."

அண்ணன் குல்லாவைக் கழற்றினார். தலையைத் தடவிக்கொண்டார். பதில் சொல்லும்போது நதியாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"வருத்தம் இருக்குது. மாப்ள கோட்டு வெச்சிக்கினு ராத்திரி வரைக்கும் நின்னாருன்னு ஜெயில்ல இருந்து வந்தப்புறம் சொன்னாங்க. அதுக்கு வருத்தம் இருக்குது. அவருகிட்டயே சொல்லியிருக்கணும். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

(வீடு திரும்பியதும் அதைச் சொல்லிவிட்டார். வாசலில் பூட்சைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "விடுங்க மச்சான், அந்தக் கோட்டு இவளுக்கு அளவே சரியில்ல" என்று என் கணவர் சொன்னது எனக்கே அதிசயம். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் கரும்பு விலையையும் பாண்டிச்சேரியையும் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள்.)

"உடாததுக்கு?" என்று நான் கேட்டேன். இது நதியா கேட்கச் சொன்னது இல்லை.

"அதுக்கு இல்ல."

அவர் குரலில் பிடிவாதம் எதுவும் இல்லை. வயலுக்குத் தண்ணீர் கட்டியாயிற்றா என்று கேட்டால் ஆயிற்று என்பது போலச் சொன்னார்.

"காலையில ஒன் காருக்கு முன்னாடி யார் யாரையோ திருப்பி அனுப்பிட்டேன். பொண்ணு பாக்கப் போறவங்க, பரிச்சைக்குப் போற பசங்க, எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவங்கள அனுப்பிட்டு என் தங்கச்சிய மட்டும் எப்பிடி உடறது? உட்டா, அங்க இருந்த நாப்பது பேருக்கும் ஆளுக்கொரு தங்கச்சி இருந்தா. அப்புறம் எதுக்கு மறியலு? ஆஸ்பத்திரிக்குப் போனவங்கள மட்டுந்தான் உட்டோம்."

"என்ன ஒரு பார்வகூட பாக்கலியேண்ணா."

"பாத்திருந்தா உட்டுட்டு இருப்பேன்."

சாக்லேட் ஆறிக்கொண்டிருந்தது. நதியா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத்தினி வருசம் ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லியே. தேனு நல்லாகீதான்னு கேப்ப. கரும்பு எப்பிடின்னு கேப்ப. கேக்காதவகிட்ட நானா வந்து இன்னான்னு சொல்றது?"

அவர் சொன்னது சரிதான். நானும் கேட்கவில்லை.

"எனக்கு அதனால ஒண்ணும் கெடைக்கல தனம்," என்றார். "கேசு முடியறதுக்குள்ள வேலைக்கிப் போற வயசு தாண்டிப்போச்சி. கடைசீல கரும்புதான். ஆனா கயலுக்கு சீட்டு கெடச்சிது. மெரிட்டுல கொஞ்சம் கம்மியா இருந்துச்சி. நம்ம ஒதுக்கீட்டுல கெடச்சிது. இன்னிக்கி மலைமேல எத்தினி பேருக்குப் பிரசவம் பாக்கறா. அவ பஸ்ஸு ஏறும்போதுலாம் நான் போன் பண்றனே, எதுக்குன்னு நெனைக்கிற? அந்த ரோட்டு வழியா வந்துதான் அந்த பஸ்ஸு மலைக்கிப் போவுது."

குல்லாவை மேசைமேல் வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு ஏரோப்ளேன் இருந்துச்சி. அன்னிக்கி இல்லன்னா இன்னொரு நாளு போவப் போற. போய்ட்ட. எங்களுக்கு அந்த ரோடு ஒண்ணுதான் இருந்துச்சி."

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான் காருக்குள் இருந்தேன். மடியில் பாஸ்போர்ட் இருந்தது. அதற்கு முன்பு ஒரு தடவைகூட, அந்தக் காலையை மரத்தின் மேலிருந்து நான் பார்த்ததில்லை.

"என்ன சொல்றார்?" என்று நதியா பிரெஞ்சில் கேட்டாள். "எல்லாத்தையும் சொல்லும்மா. எதையும் விடாதே."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோட்டு, நாற்பது பேர், ஆளுக்கொரு தங்கச்சி, கயல்விழி, பஸ். அவள் கண்ணெடுக்காமல் கேட்டாள். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது எனக்குத் தடுமாறியது.

எங்களுக்கு என்று அண்ணன் சொன்னார். நமக்கு என்று சொல்லவில்லை. தமிழில் அது போதும். நான் அதில் இல்லை என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். பிரெஞ்சில் இரண்டுக்கும் 'நூ' என்று ஒரே சொல்தான். பேசுகிறவர் எதிரே இருப்பவரைச் சேர்த்துச் சொல்கிறாரா, விட்டுவிட்டுச் சொல்கிறாரா என்று கேட்கிறவருக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அந்த மொழியோடு மல்லுக்கட்டி, அதிகாரிகள் முன்னால் வாய் குழறி, சினை மாடாகவெல்லாம் ஆகியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு ஒரு உதவி செய்தது.

"அந்தச் சாலை ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது" என்று நதியாவிடம் பிரெஞ்சில் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் என்று அவள் எடுத்துக்கொண்டது தெரிந்தது. நான் திருத்தவில்லை. அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, மாமாவின் குல்லாவை எடுத்து அவர் தலையில் மாட்டி, காது மூடும்படி இழுத்துவிட்டாள்.

"இன்னா சொன்ன அவகிட்ட?" என்று அண்ணன் கேட்டார்.

"நீ சொன்னதத்தான் சொன்னேன்" என்றேன்.